‘மே’ என்றால் என்ன பொருள்?

(மும்பையில் நம் சங்கம் நடத்திய மே நாள் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை. பேச்சு நடை பெரிதும் மாற்றப்படாமல் இங்கே தரப்படுகிறது.)

 

இன்றைக்கு மே முதல் நாள். காலண்டரில் சிவப்பு எழுத்திலே போட்டிருக்கிறது, விடுமுறை என்று. ஆனால் இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் கைகாலில் ஒட்டிய சிமெண்டைக்கூடக் கழுவ நேரமில்லாமல் வேலையிலிருந்து நேரே வந்திருக்கிறீர்கள். உழைப்பாளிகளுக்காக விடப்பட்ட விடுமுறையில் உழைப்பாளியைத் தவிர மற்ற எல்லாரும் வீட்டில் இருக்கிறார்கள்! அதைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘மே நாள்’. நாளைப் பற்றி எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகவே பேசிவிட்டார்கள். ஆகவே நான் அந்தத் தலைப்பில் முதல் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ‘மே’. ஆங்கிலத்திலே மூன்று எழுத்து: எம், ஏ, ஒய். தமிழில் எழுதினால் ஒரே எழுத்து. ஆட்டுக்குட்டிகூடச் சொல்லிவிடும். ஆனால் தோழர்களே, இந்த ஒற்றைச் சொல்லுக்கு எத்தனை பொருள் என்று தெரியாமல் போனதால் ஒரு தெருவே நடுரோட்டில் நின்றது. அதை நின்று பார்த்தவன் நான். சரியாகச் சொன்னால், நிற்க வைத்தவர்களில் ஒருவன் நான். அதனால்தான் இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தேன்.

ஒரு சொல், பல முகம்

நம் வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குப் போனதும் முதலில் கற்றுக்கொண்டு வருவது என்ன? ‘மே ஐ கம் இன், டீச்சர்?’ என் பேத்தி பத்துக்குப் பத்து அறையிலே வாசற்படியில் நின்றுகொண்டு, ‘மே ஐ கம் இன்?’ என்று கேட்டுப் பழகுகிறாள். உள்ளே வர இடமே இல்லாத வீட்டிலே அவள் அனுமதி கேட்கிறாள்! இது முதல் பொருள். அனுமதி. ‘நான் வரலாமா?’

இரண்டாவது, ஐயம். ‘இட் மே ரெய்ன்’ என்றால் மழை வரலாம். வரும் என்று யாரும் உறுதி தரவில்லை. வராமலும் போகலாம்.

மூன்றாவது, வாழ்த்து. ‘மே யூ லிவ் லாங்’. நீடூழி வாழ்க. இங்கே அனுமதியும் இல்லை, ஐயமும் இல்லை. நெஞ்சிலிருந்து வரும் ஆசி.

நான்காவது, மாதத்தின் பெயர். ரோமானியர்களின் மாயா என்ற தெய்வத்தின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். நம் ஊரில் இந்த மாதத்தில் பூப்பதால் ‘மே பிளவர்’ என்று நாம் சொல்கிற மரத்தை இங்கே குல்மோகர் என்கிறார்கள். மும்பையிலே சாலையோரம் சிவப்பாய்க் கொட்டிக் கிடக்கிறதே, அதுதான்.

ஐந்தாவது ஒன்றும் உண்டு. கடலிலே கப்பல் மூழ்கும்போது, வானத்திலே விமானம் தடுமாறும்போது, வானொலியில் மூன்று தடவை ‘மே டே, மே டே, மே டே’ என்று கூப்பிடுவார்கள். அது நம் மே நாள் அல்ல. ‘எனக்கு உதவுங்கள்’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் ஒலியை வைத்து 1920-களில் இங்கிலாந்தில் உண்டாக்கப்பட்ட அபாயக் குரல் அது. 1927-ல் உலக நாடுகளின் உடன்பாட்டிலேயே இடம் பெற்றுவிட்டது.

ஆக, வாசலில் நிற்கும் குழந்தை சொல்வதும் ‘மே’. வாழ்த்துகிற பெரியவர் சொல்வதும் ‘மே’. மூழ்குகிறவன் அலறுவதும் ‘மே’. இவையெல்லாம் நம்மை ஒன்றும் செய்துவிடாது. நம்மைச் செய்வது ஆறாவது. அரசாங்கக் காகிதத்திலே உட்கார்ந்திருக்கிற ‘மே’.

நான் வாசித்துக் காட்டிய காகிதம்

1980-களின் நடுவில் நடந்தது. அப்போது இந்த ஊருக்குப் பெயர் பம்பாய். நாங்கள் இருந்தது ஒரு சாக்கடையோரக் குடிசைத் தெரு. ஐம்பது, அறுபது குடும்பங்கள். பெரும்பாலும் நெல்லைச் சீமைக்காரர்கள். அந்தத் தெருவிலே பத்தாம் வகுப்பு தேறியவன் நான் ஒருவன். ஊரிலிருந்து தந்தி வந்தால் என்னிடம் வருவார்கள். மணியார்டர் பாரம் எழுத என்னிடம் வருவார்கள். ‘இங்கிலீசு தெரிஞ்ச தம்பி’ என்று எனக்கொரு மரியாதை. தேநீர்க் கடையிலே என்னிடம் காசு வாங்க மாட்டார்கள். எனக்கும் கொஞ்சம் தலை கனத்துத்தான் இருந்தது.

ஒரு நாள் ஒரு காகிதத்தை ஒவ்வொரு கதவிலும் ஒட்டிவிட்டுப் போனார்கள். சாக்கடையை அகலப்படுத்தப் போகிறோம், குடிசைகளைக் காலி செய்ய வேண்டும் என்று அறிவிப்பு. எல்லாரும் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் வாசித்தேன். கடைசி வரியிலே, தகுதி உள்ளவர்கள் மாற்று இடத்துக்கு ‘மே பி கன்சிடர்ட்’ என்று இருந்தது. நான் தமிழில் சொன்னேன்: “வேறு இடம் கொடுப்பார்கள்.”

கொடுப்பார்கள்! என் வாயால் சொன்னேன். ‘மே பி கன்சிடர்ட்’ என்றால், கொடுப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்று பொருள். கொடுப்பார்கள் என்றல்ல. கொடுக்கலாம் என்றுகூட அல்ல. யோசிக்கலாம். யோசிக்காமலும் இருக்கலாம்.

என் சொல்லை நம்பினார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள் வக்கீலைப் பார்க்கப் போனபோது நம்மவர்கள், “நமக்குத்தான் வேறு இடம் கொடுக்கிறார்களே, எதற்கு வீண் செலவு?” என்று இருந்துவிட்டார்கள். இடிக்கும் வண்டி வரும் முன்பே தகரத்தையும் கம்பையும் தாங்களே பிரித்து அடுக்கி வைத்தார்கள், புது இடத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று. வண்டி வந்தது. இடித்தார்கள். புது இடம் வரவில்லை.

மூன்று மழைக்காலம், தோழர்களே. நடைபாதையில், நீலத் தார்ப்பாயின் கீழே மூன்று மழைக்காலம். இந்த ஊர் மழை எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பாட்டி இருந்தாள். இட்லி அவித்து விற்றுப் பேரனை வளர்த்தவள். அவள் என்னைத் திட்டவில்லை. ஒருநாள் மழையில் நனைந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “ஏ தம்பி, நீதான வாசிச்ச, வேற எடம் குடுப்பாவன்னு?”

நான் அந்த அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். சண்டை போடவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. அந்த ஒரு சொல்லின் கீழே பென்சிலால் கோடு போட்டு என் பக்கம் திருப்பிக் காட்டினார். அவ்வளவுதான். அவர் பொய் சொல்லவில்லை. காகிதமும் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னவன் நான். ஆங்கிலம் தெரியும் என்ற எண்ணத்திலே, தெரியாததைத் தெரிந்ததுபோல் தமிழாக்கிச் சொன்னவன் நான்.

அன்று முதல் இந்தச் சொல்லை எங்கே பார்த்தாலும் நான் நின்று பார்க்கிறேன். நீங்களும் நின்று பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் வெட்கத்தை விட்டு இதைச் சொன்னேன்.

நாடாளுமன்றத்தில் ஒரு ‘மே’

படிக்காத தெருவுக்குத்தான் இந்தக் கதி, படித்தவர்கள் இருந்தால் ஏமாறமாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். இதே சொல்லை வைத்து இந்த நாட்டின் நாடாளுமன்றமே வாதாடியிருக்கிறது. அதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

இந்திய அரசியலமைப்பின் 343-ஆம் பிரிவு ஒன்றியத்தின் ஆட்சிமொழி இந்தி என்றது. பதினைந்து ஆண்டுகளுக்கு, அதாவது 1965 ஜனவரி 26 வரைக்கும், ஆங்கிலமும் தொடரும் என்றது. அதற்குப் பிறகு? இந்தி பேசாத மக்களுக்கு அச்சம் வந்தது. 1959-ல் பிரதமர் நேரு மக்களவையில் ஓர் உறுதிமொழி தந்தார். இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் இருக்கும். அதை முடிவு செய்கிறவர்கள் இந்தி பேசுகிறவர்கள் அல்ல, இந்தி பேசாதவர்களே என்பது அதன் சாரம். நல்ல உறுதிமொழி. ஆனால் அது வாயிலே இருந்தது. சட்டத்திலே இல்லை.

சட்டம் 1963-ல் வந்தது. ஆட்சிமொழிகள் சட்டம். அன்று உள்துறை அமைச்சராக இருந்த லால்பகதூர் சாஸ்திரி கொண்டுவந்தார். அந்தச் சட்டத்தின் தேதி என்ன தெரியுமா? 1963 மே 10. மே மாதத்திலே பிறந்த சட்டம். அதன் மூன்றாம் பிரிவின் நடுவிலே உட்கார்ந்திருந்தது இன்னொரு ‘மே’. பதினைந்து ஆண்டு முடிந்த பிறகும், இந்தியோடு கூட ஆங்கிலம் ‘மே’ தொடர்ந்து பயன்படுத்தப்படும் என்றது. அதாவது, பயன்படுத்தப்படலாம்.

அப்போது மாநிலங்களவையில் உறுப்பினராக இருந்தவர் அறிஞர் அண்ணா. ‘மே’ என்றால் ‘மே நாட்’ என்றும் ஆகும். தொடரலாம் என்றால் தொடராமலும் விடலாம். ஆகவே ‘ஷல்’ என்று போடுங்கள், தொடர்ந்தே ஆக வேண்டும் என்று எழுதுங்கள் என்பது அவர் தரப்பு வாதம். இந்த இடத்தில் இரண்டுக்கும் ஒரே பொருள்தான் என்பது நேருவின் பதில். ஒரே பொருள்தான் என்றால் ‘ஷல்’ என்றே போட்டுவிட என்ன தடை என்று திருப்பிக் கேட்டார் அண்ணா. மாற்றவில்லை. ‘மே’ நின்றது.

தோழர்களே, நேருவின் நேர்மையை நான் ஐயப்படவில்லை. அவர் மனத்திலே ‘ஷல்’ இருந்திருக்கலாம். ஆனால் மனிதர் மறைவார், காகிதம் இருக்கும். 1964 மே 27 அன்று நேரு மறைந்தார். உறுதிமொழி தந்தவர் போய்விட்டார். சட்டத்திலே ‘மே’ இருந்தது. வாயால் சொன்ன உறுதிக்கும் காகிதத்தில் எழுதிய சொல்லுக்கும் உள்ள வேற்றுமை இதுதான்.

1965 ஜனவரி வந்தது. பிறகு நடந்ததை நம் வீட்டுப் பெரியவர்கள் கண்ணால் கண்டவர்கள். அதற்கு ஓராண்டு முன்பே, 1964 ஜனவரி 25 அன்று, திருச்சியில் கீழப்பழுவூர் சின்னசாமி தீக்குளித்து மாண்டார். 1965-ல் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். கோடம்பாக்கம் சிவலிங்கமும் விருகம்பாக்கம் அரங்கநாதனும் தங்களைத் தாங்களே எரித்துக்கொண்டார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் வீழ்ந்தார். சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் நடுவண் அமைச்சர் பதவியிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்தார்கள். பிப்ரவரி 11 அன்று, அப்போது பிரதமராகிவிட்ட சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் உறுதிமொழி காக்கப்படும் என்று சொன்னார். மறுபடியும் வாய்மொழிதான்!

சட்டம் எப்போது திருந்தியது? 1967 தேர்தலில் தமிழக மக்கள் ஆட்சியையே மாற்றிய பிறகு. இந்திரா காந்தி அரசு கொண்டுவந்த திருத்தம் 1967 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 1968 ஜனவரியில் அது சட்டமாயிற்று.

அந்தத் திருத்தத்தை நான் தேடிப் படித்தேன். ஒரு வியப்பு காத்திருந்தது. பழைய ‘மே’ போகவில்லை! மூன்றாம் பிரிவின் தொடக்கத்தில் இன்றைக்கும் அது இருக்கிறது. ஆனால் அதைச் சுற்றிலும் ‘ஷல்’ என்னும் வேலியைப் போட்டுவிட்டார்கள். இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்தோடு ஒன்றிய அரசு தொடர்புகொள்ள ஆங்கிலமே ‘ஷல்’. ஒன்றிய அரசின் தீர்மானங்களும் பொது ஆணைகளும் அறிவிப்புகளும் இரண்டு மொழியிலும் ‘ஷல்’. இந்த ஏற்பாட்டை நீக்க வேண்டுமென்றால், இந்தியை ஏற்காத எல்லா மாநிலங்களின் சட்டமன்றங்களும் முதலில் தீர்மானம் போட வேண்டும், பிறகு நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் போட வேண்டும். அதுவரை இது ‘ஷல்’ இருந்தே தீரும். ஒரு மாநிலம் மறுத்தாலும் நீக்க முடியாது.

இது முழு வெற்றி என்று நான் சொல்லவில்லை. அந்தத் திருத்தத்தோடு சேர்ந்து வந்த மொழித் தீர்மானத்தை எதிர்த்து உடனே மறுபடியும் கிளர்ச்சி நடந்தது. ஆனால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். 1963-ல் பேனாவை ஒரு தடவை அழுத்தி எழுதியிருந்தால் கிடைத்திருக்க வேண்டிய சொல், நான்கு ஆண்டு கழித்து, இத்தனை உயிரைக் கொடுத்த பிறகு கிடைத்தது. இலக்கணப் பிழைக்கு ஆசிரியர் மதிப்பெண்ணைத்தான் குறைப்பார். சட்டத்திலே ஒரு சொல் பிசகினால் பிள்ளைகளைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

‘ஷல்’ வந்தால் போதுமா?

“சரி ஐயா, இனி ‘ஷல்’ இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறோம்” என்று யாராவது நினைத்தால், அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது.

சட்டத்தில் ‘மே’ என்று இருப்பதை ‘ஷல்’ என்றே படிக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் சொன்ன வழக்குகள் உண்டு. அதிகாரத்தைக் கொடுத்தால் அதைச் செய்யும் கடமையும் கூடவே வருகிறது என்பது அதன் நியாயம். அது நமக்கு நல்லது. ஆனால் எதிர்ப்பக்கமும் நடந்திருக்கிறது. அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கையில் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 320-ஆம் பிரிவு ‘ஷல்’ போட்டுத்தான் சொல்கிறது. 1957-ல் உத்தரப்பிரதேச ஊழியர் ஒருவர் வழக்கிலே, அப்படி ஆலோசிக்காமல் விட்டாலும் அரசின் உத்தரவு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘ஷல்’ போட்ட இடத்திலேயே கதை அப்படி!

நமக்கு நேரே தொடர்புள்ள இன்னொன்று. 1956-ல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தருவது பற்றியது. மும்பையிலே இருக்கிற தமிழ்க் குழந்தைக்கு உரியது. அதிலே ‘ஷல்’ இருக்கிறது. ஆனால் எதோடு சேர்ந்து இருக்கிறது? வசதி செய்து தர ‘முயல்வது’ ஒவ்வொரு மாநிலத்தின், ஒவ்வொரு உள்ளாட்சியின் கடமையாக ‘ஷல்’. முயன்றால் போதும்! இந்த மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளை நடத்துகிறது என்பதை நாம் நன்றியோடு சொல்கிறோம். ஆனால் நம் பிள்ளையை நாமே அங்கே சேர்க்காவிட்டால், ‘முயன்றோம், பிள்ளைகள் வரவில்லை’ என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

1979-ல் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஒப்பந்தக்காரர் வெளிமாநிலத்திலிருந்து கூட்டி வரும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் புகைப்படம் ஒட்டிய கையேடு கொடுக்க வேண்டும் என்றது. அதிலே சம்பளம் என்ன, வேலை எத்தனை நாள் என்பதெல்லாம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமல்ல, தொழிலாளியின் சொந்த மொழியிலும் எழுதியிருக்க வேண்டும் என்றது. தமிழனுக்குத் தமிழில்! வழிச்செலவு தர வேண்டும், இடம்பெயர்ந்ததற்குப் படி தர வேண்டும் என்றும் சொன்னது. செய்யலாம் என்றல்ல, செய்ய வேண்டும் என்று. பிறகு 2020-ல் நிறைவேறிய தொகுப்புச் சட்டத்துக்குள் அது சேர்க்கப்பட்டது. நாற்பது ஆண்டுக்கு மேல் இருந்த அந்தச் சட்டத்தின்படி தமிழில் எழுதிய கையேட்டைக் கையில் வாங்கியவர்கள் இங்கே யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள், பார்ப்போம்.

(யாரும் கை தூக்கவில்லை.)

பார்த்தீர்களா? ‘ஷல்’ காகிதத்தில் இருந்தது. கேட்க ஆள் இல்லை. கேட்க ஆள் இல்லாத ‘ஷல்’ தானாகவே ‘மே’ ஆகிவிடும்.

சிகாகோவில் நடந்ததும் இதுதான்

இப்போது மே நாளுக்கு வருகிறேன். அமெரிக்காவிலே இல்லினாய் மாநிலம், அதில் சிகாகோ நகரம். அங்கே எட்டு மணி நேர வேலைச் சட்டம் 1867-லேயே வந்துவிட்டது. நடைமுறைக்கு வந்த நாள் 1867 மே 1. அப்படியானால் 1886-ல் ஏன் போராடினார்கள்? ஏனென்றால் அந்தச் சட்டத்திலே, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதபோது எட்டு மணி நேரம் என்று ஒரு சந்து விட்டிருந்தார்கள். முதலாளிகள் அந்தச் சந்து வழியாக வெளியேறிவிட்டார்கள். பத்து மணி நேர ஒப்பந்தத்திலே கைநாட்டு வை, இல்லையேல் வேலை இல்லை! சட்டம் உயிரோடு இருந்தது. தொழிலாளிக்கு உயிர் போனது.

பத்தொன்பது ஆண்டு பொறுத்த பிறகு, 1886 மே முதல் நாள் வேலையை நிறுத்தினார்கள். மே 3 அன்று துப்பாக்கிச் சூடு. மே 4 அன்று வைக்கோல் சந்தைச் சதுக்கத்தில் கூட்டம், குண்டுவெடிப்பு, மறுபடியும் துப்பாக்கிச் சூடு. குண்டு வீசியது யார் என்று மெய்ப்பிக்காமலேயே எட்டுப் பேரைக் குற்றவாளி என்றார்கள். நான்கு பேரை 1887 நவம்பர் 11 அன்று தூக்கிலிட்டார்கள்.

அந்த எட்டுப் பேர் யார் தெரியுமா? ஐந்து பேர் ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்தவர்கள். தூக்கிலே தொங்கிய ஆகஸ்ட் ஸ்பைஸ் ஒரு தொழிலாளர் பத்திரிகையின் ஆசிரியர். அது ஆங்கிலப் பத்திரிகை அல்ல. பிழைக்க வந்த ஊரிலே, தம் தாய்மொழியான ஜெர்மன் மொழியில் நடத்திய பத்திரிகை. நாம் மாதந்தோறும் நம் உண்டியல் காசிலே தமிழில் ஒரு பத்திரிகை நடத்துகிறோமே, அதுபோல. வெளியூரில் தாய்மொழியிலே ஒரு பத்திரிகை நடத்துவது பொழுதுபோக்கு அல்ல என்பதை அவர்கள் உயிரைக் கொடுத்துக் காட்டினார்கள்.

இந்தியாவிலே மே நாளை முதலில் கொண்டாடியவர் நம் சிங்காரவேலர். 1923 மே முதல் நாள், சென்னைக் கடற்கரையில். அதே மே முதல் நாளிலே, 1960-ல், இந்த மகாராஷ்டிர மாநிலம் பிறந்தது. அதுவும் சும்மா பிறக்கவில்லை. மொழிக்காக, பம்பாய்க்காக, நூற்றுக்கு மேற்பட்டோர் உயிர் கொடுத்த பிறகு பிறந்தது. ஆகவே மராத்தித் தோழன் தன் மொழியைக் கொண்டாடும்போது நாம் முகம் சுளிக்கக் கூடாது. அவன் மொழிக்காகப் பட்ட பாடு நமக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்? அவன் மொழியைக் கற்போம், நம் மொழியைக் காப்போம்.

நாம் செய்ய வேண்டியது

இனி ஒரு காகிதம் உங்கள் கதவுக்கு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்.

முதல் கேள்வி: கொடுப்பார்கள் என்று இருக்கிறதா, கொடுக்கலாம் என்று இருக்கிறதா, கொடுத்தாக வேண்டும் என்று இருக்கிறதா? வாசிக்கிறவரைச் சொல்லுக்குச் சொல் சொல்லச் சொல்லுங்கள். “மொத்தத்தில் நல்லதுதான்” என்று சொன்னால் விடாதீர்கள். அந்த மொத்தத்தைச் சொன்னவன்தான் நான்.

இரண்டாவது: யார் கொடுக்க வேண்டும், எந்தத் தேதிக்குள்? ஆளும் தேதியும் இல்லாத ‘ஷல்’ சக்கரம் இல்லாத வண்டி.

மூன்றாவது: கொடுக்காவிட்டால் நாம் யாரிடம் போவது? அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு, குறை தீர்க்கக் கோரி மனுக் கொடுக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்கிறது. ஒன்றிய அரசுக்கு என்றால் ஒன்றியத்தில் வழங்கும் எந்த மொழியிலும், மாநில அரசுக்கு என்றால் அந்த மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம். வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுங்கள், பெற்றுக்கொண்டதாக ஒரு முத்திரை வாங்கி வாருங்கள்.

படித்த இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு பேராவது சங்க அறையில் உட்காருங்கள். காகிதத்தோடு வருகிறவர்களுக்கு வாசித்துச் சொல்லுங்கள். தெரியாத இடத்தில் “எனக்குத் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்” என்று சொல்லுங்கள். அதில் வெட்கம் இல்லை. நான் அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அந்தப் பாட்டியின் அடுப்பு மூன்று மழைக்காலம் நனைந்திருக்காது.

முடிக்கும் முன் ஒன்று. இந்த ‘மே’ என்ற சொல்லின் வேரைத் தேடிப் பார்த்தேன். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்திலே அதன் முதன்மையான பொருள் அனுமதி அல்ல. வலிமை என்று பொருள். என்னால் முடியும், எனக்குத் திராணி உண்டு என்று சொல்லத்தான் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். வலிமையைக் குறிக்கும் ‘மைட்’ என்ற சொல்லும் அதே வேர்தான். முடியும் என்ற சொல், காலப்போக்கிலே, வாசலில் நின்று ‘வரலாமா?’ என்று கேட்கும் சொல்லாகிவிட்டது.

நம் தமிழிலும் இதற்கு ஈடாக ‘லாம்’ இருக்கிறது. ‘வரலாம்’ என்றால் அனுமதி. ‘மழை வரலாம்’ என்றால் ஐயம். ஆங்கிலத்தின் அதே இரட்டை முகம்தான். ஆனால் ஆங்கிலத்தின் ‘மே’ செய்யாத ஒரு வேலையை நம் ‘லாம்’ செய்கிறது. ஒருவர் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “வாங்க, போகலாம்” என்கிறார். அங்கே அனுமதியும் இல்லை, ஐயமும் இல்லை. நானும் வருகிறேன், நீயும் வா என்ற அழைப்பு. தனியாக இருப்பவன் சொன்னால் ‘லாம்’ என்பது கெஞ்சல். பத்துப் பேராய்ச் சேர்ந்து சொன்னால் அதுவே புறப்பாடு.

அந்தத் தெருக்காரர்களுக்கு இடம் கிடைத்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லாருக்கும் கிடைக்கவில்லை. சேர்ந்து மனுப் போட்டு, வாரந்தோறும் அந்த வாசலில் போய் நின்றவர்களுக்கு, நான்காவது ஆண்டிலே கிடைத்தது. பாட்டியின் பேரனுக்கு ஓர் அறை கிடைத்தது. பாட்டி அதைப் பார்க்க இல்லை.

அவள் கேட்ட கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இன்று சொல்கிறேன். பாட்டி, கொடுப்பார்கள் என்று அந்தக் காகிதத்தில் இல்லை. நான்தான் தப்பாய் வாசித்தேன். இனி நாங்கள் சரியாய் வாசிப்போம். சேர்ந்து வாசிப்போம். சேர்ந்தே போய்க் கேட்போம்.

தோழர்களே, வாங்க, போகலாம்.